முன்பணம் வேண்டாம், கடையில் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: செப்டம்பரில் ப்ராக்கில் இருக்கும் மகள் வீட்டுக்கு 12 நாள் போகிறேன். வீட்டில் 8க்கு 4 அடி பலகையில் எச்ஓ அளவு மாடல் ரயில் தண்டவாளம் போட்டு வைத்திருக்கிறேன். பழைய சாதாரண கண்ட்ரோலர்தான். செக் நாட்டின் ‘கண்ணாடி போட்ட’ டீசல் எஞ்சின் மாடலும் நான்கு பெட்டிகளும் வாங்கி வர ஆசை. இணையத்தில் அறிமுகமான ஒருவர், “அது கடைகளில் கிடைக்காது. பாதிப் பணம் அனுப்புங்கள், எடுத்து வைக்கிறேன். வரியையும் திருப்பி வாங்கித் தருகிறேன்” என்கிறார். அனுப்பலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: அனுப்பாதீர்கள் ஐயா, ஒரு ரூபாய்கூட.

அவர் சொன்னதில் வரி விஷயம் ஒன்றே போதும், ஆளை அடையாளம் காண. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் செக் கடை ஒன்றில் ஒரே நாளில் 2000 கொருனாவுக்கு (செக் நாணயம்) மேல் வாங்கினால், விலைக்குள் இருக்கும் மதிப்புக் கூட்டு வரியைத் திரும்பக் கேட்கலாம். கேட்க வேண்டியவர் வாங்கிய பயணிதான். கடைக்காரர் உங்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் படிவம் எழுதித் தர வேண்டும். ஊர் திரும்பும்போது பொருளைப் பெட்டியோடு விமான நிலையச் சுங்கத்தில் காட்டி முத்திரை வாங்க வேண்டும். யாரோ தன் பெயரில் வாங்கி வைத்திருக்கும் எஞ்சினுக்கு உங்களால் வரியைத் திரும்பப் பெற முடியாது. அவரால் வாங்கித் தரவும் முடியாது.

நேர்வழியில் போனாலும் இந்த ஏற்பாடு எரிச்சலூட்டும். வரி 21 சதவீதம் என்கிறார்கள். அது வரிக்கு முந்தைய விலையின் மேல் போடப்படுவது என்பதால், நீங்கள் கொடுக்கும் 1000 கொருனாவில் வரி சுமார் 174தான். அதிலும் பணத்தைத் திருப்பித் தரும் இடைநிலை நிறுவனம் தன் கமிஷனைப் பிடித்துக்கொள்ளும். சின்ன மாடல் கடைகள் பலவற்றில் இந்தப் படிவமே இருக்காது. அவர்களைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. அரசு வாங்கிய வரியை அரசே நேரடியாகத் திருப்பித் தரலாம். ஏன் நடுவில் ஓர் ஆள் என்று இத்தனை வருடமாக எனக்குப் புரியவில்லை. விலைப் பட்டியலைப் பார்த்ததும் “வரி எப்படியும் திரும்பி வந்துவிடும்” என்று கணக்குப் போடாதீர்கள். கிடைத்தால் லாபம், அவ்வளவுதான்.

“கடையில் கிடைக்காது” என்பதில் பாதி உண்மை இருக்கிறது. மாடல் கம்பெனிகள் ஓர் எஞ்சினைக் கொஞ்சமாகச் செய்து, விற்றுத் தீர்ந்ததும் நிறுத்திவிடுகின்றன. பிறகு வேறு எண், வேறு நிறத்தில் மறுபடி வரும். உங்கள் ‘கண்ணாடி’ எஞ்சினும் இப்படித்தான். ரோகோ என்ற மாடல் கம்பெனி எச்ஓ அளவில் பலமுறை வெளியிட்டிருக்கிறது. இந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். முன்பு நானும் ஒருவருக்கு முன்பணம் அனுப்பினேன். எட்டு மாதம் கழித்து வந்த பெட்டியில் கைப்பிடிக் கம்பிகள் ஒடிந்த பழைய எஞ்சின் இருந்தது. அதற்கப்புறம் கையில் எடுத்துப் பார்க்காத எதற்கும் நான் பணம் கொடுத்ததில்லை.

நீங்கள் உண்மையில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது அளவு விஷயத்தில். செக் கடைக்குள் நுழைந்தால் அலமாரியில் பெரும்பகுதி டிடி அளவில் இருக்கும். அது 1:120, அதாவது நிஜத்தில் 120இல் ஒரு பங்கு; தண்டவாள அகலம் 12 மி.மீ. உங்களுடையது எச்ஓ, 1:87, அகலம் 16.5 மி.மீ. கிழக்கு ஜெர்மனியில் 1950களின் இறுதியில் டிடி உற்பத்தி தொடங்கியது. அன்றைய சோஷலிச நாடுகளின் சிறிய குடியிருப்புகளுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. நிறமும் எண்ணும் அட்டைப்பெட்டியும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். கண்ணாடி எஞ்சின் எச்ஓவில் சுமார் 19 செ.மீ., டிடியில் சுமார் 14 செ.மீ. சட்டைப்பையில் ஒரு சின்ன ஸ்கேல் வைத்துக்கொள்ளுங்கள். விலை ஆச்சரியமாகக் குறைந்திருந்தால் முதலில் பெட்டியில் அளவு எழுத்தைத் தேடுங்கள். இன்னொன்று: பெட்டியில் ‘ஏசி’ என்று போட்டிருந்தால் அது நடுவில் மூன்றாவது மின்தொடர்பு வைத்த தண்டவாளத்துக்கானது. உங்களுக்கு வேண்டியது ‘டிசி’. சத்தம் எழுப்பும் டிஜிட்டல் வகையையும் விட்டுவிடுங்கள். உங்கள் கண்ட்ரோலருக்கு அது வீண் செலவு.

அடுத்தது எண். அந்த எஞ்சினின் செல்லப்பெயர் பிரேய்லோவெட்ஸ், ‘கண்ணாடிக்காரர்’ என்று வைத்துக்கொள்ளலாம். ஓட்டுநரின் முன் ஜன்னல்கள் உள்நோக்கிச் சாய்ந்து, சுற்றிலும் துருத்திய சட்டத்தோடு, தடித்த மூக்குக்கண்ணாடிபோலத் தெரியும். ப்ராக்கின் சிகேடி ஆலை கட்டியது. டி478.3 என்று பிறந்து, 1988இல் எண்முறையே மாறியபோது 753 ஆனது. அதன் தம்பி டி478.4, 754 ஆனது. அண்ணன் நீராவிக் கொதிகலன் மூலமும் தம்பி மின்சாரம் மூலமும் பெட்டிகளைச் சூடாக்கினார்கள். 1993இல் செக்கோஸ்லோவாக்கியா பிரிந்ததும் எஞ்சினில் சி.எஸ்.டி. (செக்கோஸ்லோவாக்கிய அரசு ரயில்வே) என்ற எழுத்து போய் சி.டி. (செக் ரயில்வே) வந்தது. ஆகவே ‘டி478’ என்று எழுதியிருந்தால் 1988க்கு முந்தையது, மூன்று இலக்க எண்ணோடு சி.எஸ்.டி. என்றிருந்தால் 1988 முதல் 1992 வரை, சி.டி. என்றிருந்தால் அதற்கும் பிந்தையது. எஞ்சினையும் பெட்டியையும் ஒரே காலத்துக்கு உரியதாக எடுங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதை நான் எல்லோரிடமும் வலியுறுத்துவேன், ஏனென்றால் இதைத் தெரியாமல் நல்ல மாடல்களை வேண்டாம் என்று வைத்துவிட்டு வருகிறார்கள். செக் நாட்டில் பழைய எஞ்சின்களை அன்பாகப் பராமரித்து, அன்றைய நிறத்தைப் பூசி, அன்றைய எண்ணையே எழுதி, இன்றும் சிறப்பு ரயில்களுக்கு ஓட்டுகிறார்கள். ‘டி478’ என்று எழுதிய சிவப்பு எஞ்சின் ஒன்று, பக்கத்து நடைமேடையில் நிற்கும் இன்றைய நீல சி.டி. ரயிலைத் தாண்டிப் போவது பொய்யான காட்சி இல்லை. உங்கள் பலகையில் நிலையமும் கார்களும் இன்றைய காலத்தைச் சேர்ந்தவையாக இருந்தாலும் பழைய எழுத்துள்ள எஞ்சினை வாங்கலாம். பின்னால் கோக்கும் பெட்டிகளும் பழையவையாக இருந்தால் சிறப்பு ரயில் முழுமையாகிவிடும். பழைய பெட்டி கிடைக்கவில்லையா, எஞ்சினைத் தனியாக ஓட்டுங்கள். சிறப்பு ரயிலை இழுக்கப் போகிற எஞ்சின் தனியாகப் போவதும் வழக்கம்தான். தலைகீழாக மட்டும் செய்ய முடியாது: பலகை 1975ஆம் ஆண்டுக்கானது என்றால் அதில் 754 ஓடக் கூடாது.

பெட்டிகள் விஷயத்தில் உங்கள் ஆசையைக் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கிறது. அன்றைய நீண்ட பயணிப் பெட்டி 24.5 மீட்டர்; எச்ஓவில் 28 செ.மீ. எஞ்சினும் நான்கு பெட்டிகளும் சேர்ந்தால் 131 செ.மீ. 8 அடிப் பலகையில் இரண்டு முனை வளைவுகளையும் கழித்தால் மிஞ்சும் நேர்ப்பாதை ஏறக்குறைய அதே 130 செ.மீ.தான். ரயிலின் தலை ஒரு வளைவில் நுழையும்போது வால் மறு வளைவை விட்டு அப்போதுதான் வந்திருக்கும். இரண்டு பெட்டி போதும். இன்னும் நல்ல யோசனை, எம்152.0 என்ற இரண்டு அச்சு டீசல் ரயில் கார், அதாவது எஞ்சின் இல்லாமல் தானே ஓடும் பயணிப் பெட்டி. பிறகு 810 என்று பெயர் மாறியது. செக் கிராமத்துக் கிளைப்பாதைகளின் முகமே அதுதான். மாடலின் நீளம் 16 செ.மீ. உங்கள் வளைவில் அழகாகத் திரும்பும்.

கடையில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், சோதனைத் தண்டவாளத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முன்னும் பின்னும், முக்கியமாக மெதுவாக. ஊர்ந்து போகும்போது திணறினால் வேண்டாம். பிறகு அட்டைப்பெட்டியில் குட்டிப் பிளாஸ்டிக் பை இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் குழாய், கைப்பிடி போன்ற ஒட்ட வேண்டிய உதிரிகள் அதில்தான் இருக்கும். ‘புர்சா’ எனப்படும் மாடல் சந்தையில் பழையது வாங்கினால் எஞ்சினைக் கவிழ்த்து, சக்கரத்தில் மாட்டிய ரப்பர் வளையத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாகி வெடித்திருந்தால் அது சரிவில் வழுக்கும்.

பணம் மாற்றுவதிலும் தரகர்கள் உண்டு. ப்ராக் நகர மையத்தில் ‘கமிஷன் இல்லை’ என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். கெட்டது விகிதத்தில் ஒளிந்திருக்கும். கையில் எத்தனை கொருனா வரும் என்று எழுதிக் காட்டச் சொல்லுங்கள். ஏமாந்தாலும் 2019 முதல் ஒரு சட்டம் இருக்கிறது: 1000 யூரோ மதிப்புவரை மாற்றிய பணத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போய் ரத்து செய்யலாம். தெருவில் நின்று மாற்றித் தருகிறவரிடம் அதுவும் இல்லை. அட்டையில் கட்டும்போது இயந்திரம் ரூபாயா கொருனாவா என்று கேட்டால் கொருனாவைத் தொடுங்கள்.

ரயில் டிக்கெட்டிலும் ஓர் எச்சரிக்கை. ஒரே பாதையில் சி.டி., ரெஜியோஜெட், லியோ எக்ஸ்பிரஸ் என்று வெவ்வேறு கம்பெனி ரயில்கள் ஓடும். ஒருவர் டிக்கெட்டில் பொதுவாக இன்னொருவர் ரயிலில் ஏற முடியாது. தண்டவாளம் ஒன்று, நடைமேடை ஒன்று, பயணி மட்டும் மூன்று கவுண்டரைத் தேட வேண்டும்.

12 நாளில் ஒரு நாளை லுஷ்னா உ ராகோவ்னிகாவுக்கு ஒதுக்குங்கள். அங்கே பழைய எஞ்சின் கொட்டகையில் சி.டி.யின் அருங்காட்சியகம் இருக்கிறது. பருவ காலத்தில் மட்டும் திறப்பார்கள், நாளைப் பார்த்துவிட்டுப் போங்கள். ப்ராக்கிலிருந்து ரயிலிலேயே போகலாம். மாடலில் விரல் நுனியளவு இருக்கும் தாங்கியும் கம்பியும் அங்கே உங்கள் தோள் உயரத்தில் நிற்கும். ஸ்மீகோவ் பகுதியில் இருக்கும் ‘ரயில் ராஜ்யம்’ பெரிய மாடல் கூடத்தில், வளைவுகளில் நீளப் பெட்டிகள் எப்படித் திரும்புகின்றன என்று கவனியுங்கள்; மேலே நான் சொன்ன அளவுக் கணக்கு நேரில் தெரியும். செப்டம்பர் இறுதியில் ஆண்டுதோறும் தேசிய ரயில்வே தினம் கொண்டாடுகிறார்கள். ஊர் மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் 12 நாளுக்குள் விழுந்தால் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

சின்ன கடைகள் பல சனி மதியத்தோடு மூடிவிடும், ஞாயிறு திறக்காது. அதனால் வாங்குவதை முதல் வாரத்தின் வேலை நாட்களில் முடித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து ஓட்டும்போது கோளாறு தெரிந்தால் திரும்பிப் போய்க் கேட்க நாள் மிச்சம் இருக்கும்.