பேனல் கம்பெனியே மூடிவிட்டால் 25 வருட வாரண்டிக்கு யார் பொறுப்பு?

கேள்வி: 2018-ல் வீட்டு மொட்டை மாடியில் சோலார் போட்டேன். 325 வாட் பேனல் பத்து. '25 வருட வாரண்டி, கவலையே வேண்டாம்' என்று சொல்லித்தான் விற்றார்கள். இப்போது இரண்டு பேனல்களில் பழுப்புக் கோடுகள் விழுந்திருக்கின்றன. அதில் ஒன்றின் பின்பக்கம் சுட்ட தழும்பு போல இருக்கிறது. நல்ல வெயில் நாளில் 13 யூனிட் வந்துகொண்டிருந்தது, இப்போது 10-ஐத் தாண்டுவதில்லை. கம்பெனிக்குப் போன் போட்டால் எடுக்க ஆள் இல்லை. விசாரித்தால் திவாலாகி மூடிவிட்டார்களாம். போட்டுக்கொடுத்த கடைக்காரர் 'கம்பெனியே இல்லை, நான் என்ன சார் பண்ண முடியும்' என்கிறார். நான் யாரிடம் கேட்பது? எல்லாப் பேனலையும் மாற்ற வேண்டி வருமா? (பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. கேட்க வேண்டிய ஆளும் இருக்கிறார், உங்கள் கடைக்காரர்தான். ஆனால் வாரண்டிப் பேச்சை எடுப்பதற்கு முன்னால், சுட்ட தழும்பு உள்ள அந்தப் பேனலை வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள். இது தள்ளிப்போடுகிற வேலை இல்லை.

பேனலுக்குள் ஒரு செல்லோ பற்றவைப்போ கெட்டுவிட்டால், மற்ற செல்கள் தயாரிக்கிற கரண்ட் அந்த இடத்தில் வெப்பமாக மாறுகிறது. பின்பக்கத்துப் பிளாஸ்டிக் தாள் கருகுவது அதனால்தான். தாள் உருகித் திறந்துகொண்டால் மழைநீர் உள்ளே போகும், கசிவு வரும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. பத்துப் பேனலும் தொடராக இணைந்திருப்பதால் அந்த ஒயரில் 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. (நேர்மின்சாரம்) ஓடுகிறது. ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கினால் வருகிற தீப்பொறி, ஏ.சி. மின்சாரத்தில் வருவது போலச் சட்டென்று அணையாது. ஆகவே நீங்களே ஏற வேண்டாம், சோலார் வேலை தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். முதலில் இன்வெர்ட்டரின் ஏ.சி. பிரேக்கர், அப்புறம் டி.சி. ஐசொலேட்டர் (பேனல் பக்கத்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்), அப்புறம் ஒயரைக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரில் கரண்ட் பூஜ்யம்தான் என்று பார்த்துக்கொள்வது, அதன்பிறகே கனெக்டரில் கை. அவர் இந்த வரிசையை மாற்றினால் வேறு ஆளைப் பாருங்கள்.

மாடிக்கு ஏறியதோடு பேனல்களைத் துடைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் தனியாக அளக்கச் சொல்லுங்கள். பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள் அளந்தால் நல்லது. பேனலின் பின்னால் உள்ள ஸ்டிக்கரில் திறந்த சுற்று வோல்டேஜ் (பேனலை எதிலும் இணைக்காதபோது உள்ள வோல்டேஜ்) 46 வோல்ட்டை ஒட்டிப் போட்டிருக்கும். அது 25 டிகிரியில் எடுத்த அளவு. நம்மூர் மாடியில் பேனல் 65 டிகிரி வரை சுடும், டிகிரிக்குச் சுமார் 0.3 சதவீதம் வோல்டேஜ் இறங்கும். எனவே மீட்டர் 40, 41 காட்டினால் அந்தப் பேனல் மேல் சந்தேகம் வேண்டாம். 27-ஐ ஒட்டிக் காட்டினால், மூன்றில் ஒரு பங்கு செத்திருக்கிறது என்று அர்த்தம். பேனலின் பின்னால் உள்ள கறுப்பு ஜங்ஷன் பாக்ஸில் மூன்று டயோடுகள் இருக்கும். ஒவ்வொன்றும் பேனலின் மூன்றில் ஒரு பங்கைப் பார்த்துக்கொள்கிறது. ஒன்று ஷார்ட் ஆனால் அந்தப் பங்கு காணாமல் போய்விடும். பாக்ஸ் மூடியைத் தட்டை ஸ்குரூடிரைவரால் நெம்பித் திறக்க முடிந்து, உள்ளே சிலிக்கோன் ஊற்றி அடைக்காமல் இருந்தால், டயோடை மட்டும் மாற்றிவிடலாம். பத்திருபது ரூபாய்ச் சாமான். பாதி ஊரில் இந்தச் சோதனையைச் செய்யாமலே 'பேனல் போச்சு சார்' என்று சொல்லிவிடுகிறார்கள். கருகிய பேனலுக்கு மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது.

உங்கள் எண்களைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. 13 யூனிட்டில் இரண்டு பேனலின் பங்கு 2.6. நீங்கள் இழந்திருப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதாவது மற்ற எட்டும் பெரும்பாலும் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன. கெட்ட இரண்டையும் விலக்கி, அக்கம்பக்கத்துப் பேனல்களை நேராக இணைத்துவிட்டால் எட்டுப் பேனலும் சேர்ந்து வெயிலிலும் 260 வோல்ட் தரும். பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர்களுக்கு அது போதும். மேனுவலில் எம்.பி.பி.டி. வோல்டேஜ் வரம்பை, அதாவது பேனல்களின் முழுத் திறனையும் இன்வெர்ட்டர் எடுக்கக்கூடிய வோல்டேஜ் எல்லையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி வாரண்டி. 25 வருடம் என்று விற்கிறார்களே, அந்தத் தாளில் உண்மையில் இரண்டு வாரண்டிகள் இருக்கின்றன. ஒன்று, தயாரிப்புக் குறைக்கானது: கண்ணாடிக்குள் காற்று புகுதல், ஜங்ஷன் பாக்ஸ் கழல்தல், தாள் கருகுதல் போன்றவை. உங்கள் காலத்துப் பேனல்களுக்குப் பெரும்பாலும் இது 10 வருடம். இரண்டாவது, உற்பத்தித் திறனுக்கானது: 10 வருட முடிவில் 90 சதவீதம், 25 வருட முடிவில் 80 சதவீதம். விளம்பரத்தில் பெரிதாக மின்னுவது இந்த இரண்டாவதுதான். அதை நான் பெரிதாக மதிப்பதில்லை. காரணம், கணக்கு. 325 வாட் பேனல் பத்து வருடத்தில் 292 வாட் தர வேண்டும், 280தான் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை நிரூபிக்க ஆய்வகத்துக்கு உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். அளவீட்டில் 3 சதவீதம் முன்பின் இருக்கலாம் என்று பல வாரண்டித் தாள்களில் ஒரு வரி இருக்கும், அந்த 12 வாட் அதிலேயே கரையக்கூடும். அப்படியே ஒப்புக்கொண்டாலும், வாட்டுக்கு 20 ரூபாய் வைத்தால் கிடைப்பது 240 ரூபாய். லாரி வாடகைக்குக்கூட ஆகாது. கம்பெனி செழிப்பாக நடக்கும்போதே இதுதான் நிலைமை. ஆகவே கம்பெனி மூடியதால் நீங்கள் உண்மையில் இழந்தது, 2028 வரை மிச்சமிருந்த தயாரிப்பு வாரண்டியை மட்டும்தான். அதைத்தான் எங்கே மீட்கலாம் என்று பார்க்க வேண்டும்.

'மூடிவிட்டார்கள்' என்பதிலும் வகைகள் இருக்கின்றன. மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கம்பெனி பெயரைப் போட்டால் அதன் நிலை தெரியும். காசு கட்டத் தேவையில்லை. முதலில் அதைப் பாருங்கள். கம்பெனி உயிரோடு இருந்து, சோலார் தொழிலை மட்டும் விட்டிருக்கலாம். தென்கொரியாவின் எல்.ஜி. 2022 பிப்ரவரியில் அப்படித்தான் அறிவித்தது. மூலப்பொருள், சரக்குக் கட்டணம் எல்லாம் ஏறிவிட்டது, அந்த ஜூனோடு பேனல் தயாரிப்பு முடிந்தது, ஆனால் விற்றவற்றுக்கு வாரண்டி தொடரும் என்றார்கள். இந்த வகையில் உங்களுக்குப் பெரிய பயமில்லை. அதே மாடல் கிடைக்காது, வேறு மாடலோ தேய்மானம் கழித்த பணமோ கிடைக்கும், அவ்வளவுதான்.

திவால் என்றால் கதை வேறு. மலிவு விலையில் தமிழ்ப்பட டி.வி.டி. விற்றதே மோசர் பேர், அவர்களும் சோலார் பேனல் செய்தவர்கள்தான். 2017-ல் திவால் நடவடிக்கைக்குள் போய், மறு வருடமே கலைக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. கம்பெனி கலைப்பில் இருந்தால், அதனிடமிருந்து பணம் வர வேண்டியவர்களில் நீங்களும் ஒருவர்தான். கலைப்பு அலுவலரிடம் கோரிக்கை மனு கொடுக்கலாம். ஆனால் 2016-ன் திவால் சட்டம் வகுத்த வரிசையில் நடவடிக்கைச் செலவு, அடமானம் வாங்கிய வங்கிகள், தொழிலாளர் பாக்கி, அரசுப் பாக்கி எல்லாம் போய், வெகு கீழேதான் உங்கள் முறை வரும். மனு கொடுக்கவும் 30 நாள் மாதிரிக் கெடு உண்டு. உங்கள் விஷயத்தில் அது எப்போதோ முடிந்திருக்கும். இதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

நொடித்த கம்பெனியை வேறொருவர் வாங்கிவிட்டால் பழைய வாரண்டியும் கூடவே போகும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியாவில் அப்படி நம்ப வேண்டாம். திவால் சட்டப்படி மீட்புத் திட்டம் ஒப்புதல் பெற்ற பிறகு, அந்தத் திட்டத்தில் இடம்பெறாத பழைய கோரிக்கைகள் எல்லாம் அற்றுப்போகும் என்று 2021 ஏப்ரலில் கன்ஷியாம் மிஸ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெயர்ப்பலகை அதேதான் இருக்கும், புது முதலாளி 'அது பழைய கணக்கு' என்று சட்டப்படியே சொல்ல முடியும்.

ஆக, மிஞ்சுவது உங்களுக்கு விற்றவர். 'கம்பெனியே இல்லை' என்பதோடு அவர் பொறுப்பு முடிந்துவிடாது. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் குறையுள்ள பொருளை விற்ற வணிகர் மீதும் புகார் தரலாம். குறையைச் சரிசெய், பொருளை மாற்று, பணத்தைத் திருப்பு என்று நுகர்வோர் ஆணையம் உத்தரவிடலாம். இன்னொன்று, அதே சட்டத்தின் 86-வது பிரிவு. தயாரிப்பாளர் மீது உத்தரவை நிறைவேற்ற முடியாத நிலை இருந்தால், பொருளால் விளைந்த சேதத்துக்கு விற்றவரே பொறுப்பு என்கிறது. ஆனால் கவனம்: அது பேனலால் உங்கள் கூரையோ உடம்போ பாதிக்கப்பட்டால்தான். பேனலே கெட்டுப்போனதற்கு அந்தப் பிரிவு வராது, சாதாரணக் குறைப் புகார்தான். இதைக் குழப்பி மனு எழுதித் தோற்பவர்கள் உண்டு. (ஆஸ்திரேலியாவில் இதைவிடத் தெளிவு: தயாரிப்பாளருக்கு அந்நாட்டில் அலுவலகம் இல்லையென்றால் இறக்குமதி செய்தவரையே தயாரிப்பாளராகச் சட்டம் கருதும்.)

உங்கள் வழக்கின் பலம் ஒரு பழைய தாளில் இருக்கிறது. கம்பெனியின் வாரண்டி அட்டையை விடுங்கள். கடைக்காரர் தன் லெட்டர்ஹெட்டில் கொடுத்த கொட்டேஷனைத் தேடுங்கள். அதில் 'பேனல் வாரண்டி 25 வருடம்' என்று அவரே எழுதியிருந்தால், அது அவர் கொடுத்த வாக்கு. கம்பெனி மேல் கையைக் காட்டிவிட்டு நழுவ முடியாது. 'தயாரிப்பாளர் விதிகளின்படி' என்று சேர்த்திருந்தால் பலம் குறையும், ஆனாலும் விற்றவர் என்ற பொறுப்பு இருக்கிறது. பில்லில் பேனல்களின் சீரியல் நம்பர் இருக்கிறதா என்று பார்த்து, பேனலில் உள்ளதோடு பொருத்திப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கருகிய இடம், மீட்டர் காட்டும் வோல்டேஜ், இன்வெர்ட்டர் செயலியின் பழைய மாதக் கணக்கு எல்லாவற்றையும் சேமியுங்கள். அப்புறம் ஒரு கடிதம், ஸ்பீட் போஸ்ட்டில். போனில் பேசியது நாளைக்கு நிற்காது.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கேயே பல சமயம் கடைக்காரர் இறங்கி வந்துவிடுவார். இல்லையென்றால் திருநெல்வேலியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

சரி, மாற்றுப் பேனல் எது? 'இப்ப 540 வாட்தான் சார் வருது, அதைப் போட்டுடலாம்' என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். தொடர் இணைப்பில் எல்லாப் பேனலிலும் ஒரே கரண்ட்தான் ஓடும். உங்கள் பழைய பேனல்கள் தருவது 8.6 ஆம்பியரை ஒட்டி. 540 வாட் பேனலோ 13 ஆம்பியருக்காகச் செய்தது. அது பழையவற்றின் வேகத்துக்கு இறங்கி, 360 வாட்டோடு நின்றுவிடும். நீளமும் 2.28 மீட்டர், உங்கள் ஸ்டாண்டு 1.96 மீட்டர் பேனலுக்குப் போட்டது. உங்களுக்குப் பொருத்தம் 72 செல் பாலி (பாலிகிரிஸ்டலைன் வகை) பேனல், 325 முதல் 335 வாட். சிறிய தயாரிப்பாளர்களிடமும், பம்புசெட் சோலார் விற்பவர்களிடமும் தேடினால் அகப்படும். வாட்டைவிட ஸ்டிக்கரில் உள்ள கரண்டைப் பொருத்துங்கள். அது 8.6-க்குக் குறையக் கூடாது, கொஞ்சம் கூடினால் பாதகமில்லை. பழைய பேனல் வாங்குவதாக இருந்தால் மீட்டர் வைத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

இதைப் படித்துவிட்டுப் புதிதாகப் போட நினைப்பவர்களுக்கும் ஒன்று. 'டயர் 1 கம்பெனி' என்று விற்பனையாளர் சொன்னால் மயங்க வேண்டாம். அது புளூம்பெர்க் நிறுவனம், எந்தக் கம்பெனியின் பேனலை நம்பி வங்கிகள் கடன் தருகின்றன என்று பார்க்கப் போட்ட பட்டியல். தரத்தைச் சொல்வதல்ல என்று அவர்களே சொல்கிறார்கள். அரசின் அங்கீகரிக்கப்பட்ட மாடல் பட்டியலில் பெயர் இருப்பதும், கம்பெனி 25 வருடம் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. சிலர் 'எங்கள் வாரண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது' என்பார்கள். மியூனிக் ரீ போன்றவர்கள் அப்படிப் பாலிசி தருவது உண்மைதான், ஆனால் பொதுவாக அது கம்பெனிக்கான பாலிசி. கம்பெனி மூடினால் வீட்டுக்காரர் நேரடியாகக் கேட்கலாமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் போட்டவர்களுக்கு ஐந்து வருடப் பராமரிப்பு வெண்டரின் கடமை, அந்தக் காலத்தில் எந்தச் சின்னக் குறையையும் விடாமல் எழுத்தில் பதிவு செய்யுங்கள்.

உங்கள் கடைக்காரர் விஷயத்தில் என் யோசனை இது. கடிதத்தில் இரண்டு பேனலையும் அவர் செலவில் மாற்றித் தரும்படி கேளுங்கள். அவர் பேசி வந்து, பேனலை அடக்க விலைக்கு வாங்கித் தருகிறேன், மாட்டும் கூலியும் வண்டி வாடகையும் வேண்டாம் என்றால், ஒத்துக்கொண்டு முடித்துவிடுங்கள். ஏழெட்டு வருடம் ஓடிய பேனலுக்கு ஆணையத்தில் போய் நின்றாலும் தேய்மானம் கழித்துத்தான் கிடைக்கும், அதற்குள் ஒரு கோடை போய்விடும். எட்டுப் பேனல் மின்சாரத்தில் எத்தனை நாள் ஓட்டுவீர்கள்? மாற்றிய பேனலுக்கு மட்டும் அவரது சொந்த வாரண்டியை, தயாரிப்பாளர் பெயரை இழுக்காமல், பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.