பால் எடுத்து வைப்பதும் பாட்டில் பழக்குவதும்: தாய்மார்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

அக்கா, பாப்பாவுக்கு ஆறு வாரம். பால் கொடுத்த பிறகு இருபது நிமிடம் பம்ப் வைத்தும் 40 மில்லிதான் வந்தது. எனக்குப் பால் பற்றவில்லையா?

அந்த 40 மில்லியைப் பார்த்து மனம் உடையாதீர்கள். நேரடியாகக் குடிக்கும் குழந்தை இருக்கும்போது, இரண்டு வேளைப் பாலூட்டலுக்கு நடுவில் எடுத்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 15 முதல் 60 மில்லி வருவதே வழக்கம். பம்பில் விழுவதை வைத்துச் சுரப்பை அளக்க முடியாது. நன்றாகக் குடிக்கும் குழந்தை, பெரும்பாலும் மெஷினைவிடத் திறமையாகப் பாலை இழுத்துவிடும். எடை ஏறுகிறதா, நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் போகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் பால் போதுகிறது.

அப்புறம், பம்பின் புனல் அளவையும் கவனியுங்கள். காம்பு உரசி வலித்தாலோ, சுற்றியுள்ள கருவட்டமும் நிறைய உள்ளே இழுபட்டாலோ அளவு பொருந்தவில்லை. வலியைப் பொறுத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டாதீர்கள். பால் இறங்க ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரக்க வேண்டும்; வலியும் பதற்றமும் அதைத் தடுத்துவிடும். முதலில் வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்து, மெதுவாக நீவிவிட்டு, குழந்தையின் துணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். முடிந்ததும் கையாலும் பீய்ச்சினால் இன்னும் கொஞ்சம் வரும். பலருக்குக் காலையில்தான் அதிகம் கிடைக்கிறது.

எடுத்த பாலை எவ்வளவு நேரம் வைக்கலாம்?

25 டிகிரிக்கு மேல் போகாத அறையில் 4 மணி நேரம், பிரிட்ஜில் 4 நாள், ஃப்ரீசரில் 6 மாதம். பிரிட்ஜ் கதவில் வேண்டாம், உள்பக்கம் வையுங்கள். உறைந்த பாலைப் பிரிட்ஜில் வைத்து உருக்கினால், முழுதும் உருகியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். மறுபடி உறைய வைக்கக் கூடாது. குழந்தை வாய் வைத்து மிச்சமானது 2 மணி நேரம்தான் தாங்கும். மைக்ரோவேவில் சூடாக்கவே வேண்டாம், ஓரிடம் கொதித்து வாயைச் சுட்டுவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்தால் போதும்.

உருக்கிய பாலில் சோப்பு வாசனை வருகிறது. கெட்டுவிட்டதா?

இல்லை. தாய்ப்பாலில் உள்ள லைப்பேஸ் என்ற என்சைம் கொழுப்பை உடைப்பதால் வரும் வாசனையாக இருக்கலாம். குழந்தை குடித்தால் தாராளமாகக் கொடுக்கலாம். புளித்த நாற்றம் என்றால் மட்டும் கொட்டிவிடுங்கள்.

பாட்டிலை எப்போது தொடங்கலாம்?

மார்பில் குடிப்பது நன்றாகப் படிந்த பிறகு. பெரும்பாலும் மூன்று, நான்கு வாரம் ஆகும்.

மகனுக்கு மூன்று மாதம். அடுத்த மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டும். பாட்டிலைக் கண்டாலே அலறுகிறான். என்ன செய்வது?

இந்தக் கவலை எனக்குப் புரிகிறது. இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, இன்றே தொடங்குங்கள். நீங்கள் கொடுக்காதீர்கள், அப்பாவோ பாட்டியோ கொடுக்கட்டும், நீங்கள் வேறு அறைக்குப் போய்விடுங்கள். உங்கள் வாசனை தெரிந்தால் அவன் மார்பைத்தான் தேடுவான். பசி முற்றும்வரை காத்திருக்கவும் வேண்டாம், கடும் பசியில் எந்தக் குழந்தையும் புதிதாக ஒன்றைப் பழகாது.

மெதுவாகப் பால் வரும் நிப்பிளை எடுங்கள். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, நிப்பிளால் உதட்டைத் தொட்டு, அவனே வாயைத் திறக்கட்டும் என்று காத்திருங்கள். பாட்டிலைக் கிடைமட்டமாகப் பிடித்து, நடுநடுவே நிப்பிளில் பால் வராதபடி பாட்டிலின் அடிப்பக்கத்தைக் கீழே சாய்த்து ஓய்வு கொடுங்கள். அழுதால் நிறுத்திவிட்டு, அடுத்த வேளை பாருங்கள். திணித்தால் பயம்தான் வரும். எதற்கும் மசியவில்லை என்றால் சின்னக் கப்பில் உதட்டோரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்; மூன்று மாதக் குழந்தை அதிலும் குடிக்கும்.