டிராக்டர் கேள்வி–பதில்: பழைய வண்டியில் முன்பக்க லோடர்

கேள்வி: என்னிடம் பழைய மாசி பெர்குசன் 1035 இருக்கிறது. எரு அள்ள, மண் தள்ள முன்னால் லோடர் மாட்ட நினைக்கிறேன். பின் லிஃப்டிலிருந்து டி-ஜாயின்ட் போட்டு ஆயில் எடுத்தால் போதும் என்கிறார் மெக்கானிக். சரிவருமா? (வாசகர், பல்லடம்)

பதில்: டி-ஜாயின்ட் மட்டும் போட்டால் சரிவராது. டிப்பர் டிரெய்லருக்கு அப்படி எடுப்பதைப் பார்த்துச் சொல்லியிருப்பார். டிரெய்லர் ஜாக்கிக்கு ஒரே ஹோஸ். ஆயில் போனால் தூக்கும், விட்டால் தன் எடையில் இறங்கிவிடும். லோடரில் பக்கெட்டைக் கவிழ்க்கவும் வேண்டும், மடக்கவும் வேண்டும். சிலிண்டரின் இரண்டு பக்கத்துக்கும் ஆயில் போய்வர இரண்டு லீவர் உள்ள கன்ட்ரோல் வால்வு தேவை. சிக்கல் அந்த வால்வு வந்த பிறகுதான் தொடங்கும்.

35, 135, 1035 எல்லாம் ஒரே வம்சம். பம்பு பின் ஹவுசிங்குக்குள் ஆயிலில் முங்கிக் கிடக்கும். அதைக் கட்டுப்படுத்தும் வால்வு, ஆயில் வெளியேறும் பக்கத்தில் இல்லை. உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. லீவர் வைத்த உயரத்துக்குப் பின் லிஃப்டின் கைகள் வந்ததும் உறிஞ்சும் வழி அடைபடும். பம்பு சுற்றும், ஆயில் வராது. இடைவிடாமல் ஆயில் வேண்டுமானால் பொசிஷன் லீவரை டிரான்ஸ்போர்ட் இடத்தையும் (கருவியைத் தூக்கி வைத்து ஓட்டும் நிலை) தாண்டி, தொடர்ந்து பம்பு செய்யும் இடத்துக்குத் தள்ள வேண்டும். சில வண்டிகளில் நடுவில் இருக்கும் தடுப்பைக் கழற்றினால்தான் லீவர் அங்கே போகும்.

இப்போது டி-ஜாயின்டில் என்ன நடக்கும் என்று பாருங்கள். லோடர் வால்வு ஓபன் சென்டர் வகையாக இருந்தால், லீவர் நடுவில் நிற்கும்போது ஆயில் அதன் வழியாகத் தடையின்றி ஹவுசிங்குக்குத் திரும்பிவிடும். பின் லிஃப்டில் அழுத்தமே ஏறாது. தூக்கி வைத்த கருவியும் இறங்கிவிடும். லோடர் லீவரை இழுத்தாலோ, கருவி மாட்டாத லிஃப்ட் கைகள் லேசானவை என்பதால் முதலில் அவைதான் எழும். லீவர் நடுவில் நிற்கும்போது ஆயிலை அடைத்துவிடும் குளோஸ்டு சென்டர் வால்வு போட்டால் இன்னும் கேடு. லீவர் நடுவில் இருக்கும் நேரமெல்லாம் பம்பு ரிலீஃப் வால்வை (அழுத்தம் மிஞ்சினால் திறந்து ஆயிலை விடும் வால்வு) எதிர்த்துத் தள்ளிக்கொண்டே இருக்கும், ஆயில் கொதிக்கும்.

ஆகவே ஓபன் சென்டர் வால்வு. கூடவே பின் லிஃப்டைத் துண்டிக்கும் ஐசொலேட்டர். சீட்டுக்கு அடியில் லிஃப்ட் கவரின் முன்புறம் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேப்பைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இதைப் பொருத்தலாம். ஒரு பக்கம் திருப்பினால் ஆயில் லோடருக்கு, மறுபக்கம் திருப்பினால் லிஃப்டுக்கு. திரும்பும் ஹோஸை ஹவுசிங்குக்குள் ஆயில் மட்டத்துக்குக் கீழே முடியுமாறு விடுங்கள். மேலிருந்து கொட்டினால் நுரை கட்டும். நுரையை உறிஞ்சிய பம்பு கடகடக்கும், லோடர் விட்டு விட்டுத் துள்ளும்.

இந்த வண்டியில் கியர்பாக்ஸ், ஹவுசிங், லிஃப்ட் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில். லோடர் சிலிண்டரில் புகும் தூசியும் தண்ணீரும் கியருக்குப் போகும். கியரின் இரும்புத் துகள் லோடர் வால்வுக்கு வரும். திரும்பும் ஹோஸில் 25 மைக்ரான் ஃபில்டர் கட்டாயம். ஆயில் மட்டத்தை லோடரைத் தரையில் இறக்கி வைத்துவிட்டே பாருங்கள். தூக்கிய நிலையில் பார்த்தால் சிலிண்டருக்குள் இருக்கும் ஆயில் கணக்கில் வராது. குறைகிறது என்று மேலே ஊற்றிவிடுவீர்கள்.

கேள்வி: அப்படி இணைத்தால் வேகம் போதுமா? தனி பம்பு வைப்பது நல்லதா?

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். உள்விட்டம் 63 மி.மீ., ஓட்டம் 500 மி.மீ. உள்ள இரண்டு தூக்கும் சிலிண்டர்களுக்கு மொத்தம் 3.1 லிட்டர் ஆயில் தேவை. உள்ளிருக்கும் பம்பு முழு வேகத்தில் தருவது நிமிடத்துக்குச் சுமார் 15 லிட்டர்தான். கீழிருந்து மேலே போக 12 வினாடி ஆகும். வாரம் ஒருநாள் எரு அள்ளுபவருக்கு இது பரவாயில்லை. நாள் முழுக்க மண் அள்ளினால் வெறுத்துப்போகும். சிங்கிள் கிளட்ச் வண்டியானால் இன்னொரு தொல்லை: கிளட்சை மிதித்ததும் பம்பும் நின்றுவிடும். குவியலில் முட்டி, கிளட்சை மிதித்து, பக்கெட்டைத் தூக்கலாம் என்றால் அது அசையாது. டூயல் கிளட்சில் பாதி மிதித்தால் வண்டி நிற்கும், பம்பு ஓடும்.

அடிக்கடி வேலை இருந்தால் தனி பம்புதான் எங்கள் பரிந்துரை. கிராங்க் புல்லியிலிருந்து கப்ளிங் மூலம் ஓடும் 20 சி.சி. கியர் பம்பு 2,000 ஆர்.பி.எம்.மில் 40 லிட்டர் தரும். தூக்க 5 வினாடி போதும். ஐடிலிங்கில் 700 ஆர்.பி.எம். இருந்தாலும் 14 லிட்டர் வரும், கிட்டத்தட்ட உள்பம்பின் முழு வேகம். 40 லிட்டரை 150 பாரில் தள்ள இன்ஜினிலிருந்து சுமார் 16 குதிரைத்திறன் போகும். அதனால் ஏற்றத்தில் ஓட்டிக்கொண்டே தூக்க வேண்டாம்.

வாங்கும்போது சுழலும் திசையைக் கவனியுங்கள். முன்னால் நின்று பார்த்தால் இன்ஜின் கடிகாரத் திசையில் சுற்றும். பம்பின் திசையை அதன் ஷாஃப்ட் பக்கமிருந்து பார்த்துச் சொல்வார்கள். ஷாஃப்ட் இன்ஜினைப் பார்த்து நிற்பதால் உங்களுக்கு வேண்டியது இடஞ்சுழி பம்பு. மாற்றிப் போட்டால் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் ஏறி, ஸ்டார்ட் செய்த வேகத்திலேயே ஷாஃப்ட் ஸீல் பிதுங்கிவிடும். கப்ளிங்கில் ரப்பரோ வளையும் உறுப்போ இருக்கட்டும். பெல்ட் போட்டால் பக்கவாட்டு இழுவையை பம்பு ஷாஃப்ட் தாங்காது. தனி பேரிங் தேவைப்படும்.

டேங்க் 40 முதல் 50 லிட்டர். நம் வெயிலுக்கு 68 கிரேடு ஹைட்ராலிக் ஆயில். உறிஞ்சும் ஹோஸ் ஒன்றேகால் அங்குலம். ஹோஸ் குறுகலாக இருந்தால் காற்றுக்குமிழி உண்டாகி பம்பை அரிக்கும். அழுத்த ஹோஸ் அரை அங்குலம், இரட்டைக் கம்பி வலை உள்ள ஆர்-2 வகை. திரும்பும் ஹோஸ் முக்கால் அங்குலம்.

முதல் ஓட்டத்துக்கு முன் பம்புக்குள் ஆயிலை ஊற்றி நிரப்புங்கள். 250 பார் கேஜ் மாட்டி, ரிலீஃப் வால்வைத் தளர்த்தி 80 பாரில் தொடங்கி, சிலிண்டர்களைப் பத்துப் பதினைந்து தடவை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றிய பிறகே 150-க்கு ஏற்றுங்கள். தூக்கவில்லையே என்று கேஜ் இல்லாமல் ஸ்க்ரூவை முறுக்குவதுதான் பட்டறைகளில் நடக்கும் பெரிய தவறு. ஹோஸ் வெடிப்பதும் தண்டு வளைவதும் அதனால்தான்.

கேள்வி: ஜாயின்டில் டெஃப்லான் டேப் சுற்றியும் ஒழுகுகிறது. (வாசகர், ஆரணி)

பதில்: டேப்பைக் கழற்றி எறியுங்கள். அதன் துணுக்கு உள்ளே போனால் வால்வுக்குள் நகரும் தண்டான ஸ்பூல் சிக்கும். பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் அளவு) நேர் மரையில் ஸீல் செய்வது மரை அல்ல, அடியில் வைக்கும் ரப்பர் ஒட்டிய வாஷர். என்.பி.டி. (அமெரிக்க அளவு, கூம்பு) மரை பிட்டிங்கை பி.எஸ்.பி. துளையில் திணித்திருந்தால் எதைச் சுற்றினாலும் ஒழுகும். சரியான அடாப்டரை வாங்குங்கள். ஒழுகும் இடத்தை விரலால் தடவாதீர்கள், அட்டையைக் காட்டிப் பாருங்கள். ஊசித்துளையில் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வலி குறைவாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதித்தால் விரலை எடுக்க நேரிடும்.

கேள்வி: தூக்கி வைத்த பக்கெட் பத்து நிமிடத்தில் பாதி இறங்கிவிடுகிறது. சிலிண்டரா, வால்வா?

பதில்: பக்கெட்டைத் தரையில் வைத்து, ஆர்ம்களுக்குக் கட்டை கொடுத்து, இரண்டு தூக்கும் சிலிண்டர் தண்டுகளின் பின்னையும் கழற்றுங்கள். தண்டுகளை முழுக்க உள்ளே இழுத்துவிட்டு இன்ஜினை நிறுத்தி, லீவரை அசைத்து அழுத்தத்தை விடுங்கள். ஒரு சிலிண்டரின் அடிப்பக்க ஹோஸைக் கழற்றி ஹோஸ் முனைக்கு மூடி போட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்து உள்ளே இழுக்கும் பக்கம் லீவரைப் பிடியுங்கள். திறந்த வாயில் ஆயில் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ஸீல் போய்விட்டது. இரண்டு சிலிண்டரும் வறண்டிருந்தால் குற்றம் ஸ்பூலில். தூக்கத் தொடங்கும் நொடியில் மட்டும் சற்று இறங்கிப் பிறகு ஏறினால், வால்வுக்குள் ஆயில் பின்னோக்கி வராமல் தடுக்கும் லோடு செக்கில் தூசி.

கேள்வி: லோடர் சட்டத்தை முன் ஆக்ஸில் தாங்கியில் மட்டும் போல்ட் போட்டால் போதுமா?

பதில்: போதாது. இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் இல்லை. இன்ஜினும் கிளட்ச் ஹவுசிங்கும்தான் முதுகெலும்பு, இரண்டும் வார்ப்பிரும்பு. முன்னால் மட்டும் பிடித்தால் இணைப்பு போல்ட்கள் தளரும், ஹவுசிங் விரியும். சட்டத்தைப் பின் ஆக்ஸில் வரை நீட்டிக் கட்டுங்கள். பின் டயர்களில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பி, பின்னாலும் எடை மாட்டுங்கள். எடை இல்லாமல் நிறைந்த பக்கெட்டோடு இறக்கத்தில் போனால் பின்சக்கரம் பிடிப்பை இழக்கும். பின்சக்கரத்தில் மட்டுமே பிரேக் உள்ள வண்டி அது. பக்கெட்டை எப்போதும் முழங்கால் உயரத்துக்குக் கீழே வைத்து ஓட்டுங்கள்.