ரேசரைத் திருப்பினால் மட்டும் ஏன் கீறுகிறது?

கேள்வி: எனக்கு வயது 34. கோத்தகிரி அருகே தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். கார்ட்ரிட்ஜ் ரேசர் வாங்கிக் கட்டுப்படியாகாததால், இரண்டு மாதங்களுக்கு முன்பு பிளேடு மாற்றும் பழைய மாதிரி சேஃப்டி ரேசருக்கு மாறினேன். அன்றிலிருந்து சவரம் என்றாலே பயமாக இருக்கிறது. சரசரவென்று சுரண்டுகிறது. கழுத்தெல்லாம் சிவப்புப் பொரிகள். மூன்று கம்பெனி பிளேடுகளை மாற்றிப் பார்த்துவிட்டேன். ஒரு பக்கம் பரவாயில்லை, ரேசரைத் திருப்பிப் பிடித்தால்தான் அதிகம். காலை ஐந்து மணிக்குக் குழாய்த் தண்ணீரில் முகத்தை நனைத்து, குளிக்கிற சோப்பைப் போட்டுச் சவரம் செய்வேன். எரிச்சலுக்கு நீலகிரித் தைலம் தடவுகிறேன். இந்த ரேசர் என் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?

பதில்: முதலில் அந்தத் தைலப் பாட்டிலை இறுக மூடி, மூக்கடைக்கும் நாளுக்கென்று அலமாரியில் வைத்துவிடுங்கள். நம் மலையில் தலைவலி முதல் கால்வலி வரை எல்லாவற்றுக்கும் அதுதான் கைமருந்து என்பது எனக்கும் தெரியும். ஆனால் சவரம் செய்த தோல் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் நிறைந்தது. அதில் தைலத்தைத் தடவினால் முதலில் சில்லென்று இருக்கும், பிறகு தோல் வெந்துபோகும். உங்கள் கழுத்துச் சிவப்பில் பாதியாவது தைலத்தின் கைவரிசை என்றே நினைக்கிறேன். ஒரு வாரம் சவரமே வேண்டாம். இந்தக் குளிரில் மஃப்ளருக்குள் இருக்கும் தாடியை யார் பார்க்கப் போகிறார்கள்?

இனி ரேசர். “திருப்பிப் பிடித்தால்தான் அதிகம்” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி அதுதான். தோல் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கீறுகிறது என்றால் பிளேடு கோணலாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஓரம் அதிகமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மறு ஓரம் உள்ளே அடங்கியிருக்கும். சந்தேகமிருந்தால் ஒரே கன்னத்தில், அடுத்தடுத்த இடத்தில், இரண்டு பக்கத்தையும் வைத்துப் பாருங்கள். வலது கன்னம், இடது கன்னம் என்று ஒப்பிட்டால் கை மாறுவதால் வரும் வித்தியாசம் குழப்பிவிடும்.

சரிசெய்வது எளிது. ரேசரைக் கழற்றி, மேல்மூடிக்கு அடியில் ஒட்டிக் காய்ந்த சோப்பைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். அந்தக் கசடு பிளேடை ஒரு பக்கம் தூக்கிவிடும். பிறகு ரேசரின் மேல்மூடியைக் கவிழ்த்துப் பிடித்து பிளேடை வைத்து, கூர் படாதபடி குறுகிய முனைகளை மட்டும் பிடித்துக்கொண்டு கைப்பிடியை முழுவதும் திருகுங்கள். தளர்வாக விட்டால் பிளேடு அதிரும், அதுவும் சரசரக்கும். கடைசியாக விளக்குக்கு நேரே பிடித்து, இரு ஓரமும் ஒரே அளவு தெரிகிறதா என்று பாருங்கள். நாலைந்து முறை மாட்டியும் கோணல் போகவில்லை என்றால் ரேசரின் தலையே வளைந்திருக்கிறது. வேறு வாங்குவதுதான் வழி.

அடுத்தது தண்ணீர். வாட்டாத இலையை உருட்டும் இயந்திரத்தில் போட்டால் நொறுங்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தாடி அதற்கு நேர்மாறு. இலை நீரை இழந்து துவளும், முடி நீரைக் குடித்துத் துவளும். நன்றாக ஊறிய முடியை வெட்டக் குறைந்த பலமே போதும். ஆனால் ஊற இரண்டு மூன்று நிமிடம் ஆகும், குளிர்ந்த நீரில் இன்னும் தாமதமாகும். மார்கழியில் கோத்தகிரிக் குழாய்த் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு அரை நிமிடத்தில் ரேசரை எடுத்தால், அது முடியை வெட்டாமல் இழுக்கும். நான் சமவெளியிலிருந்து குன்னூருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் என் முகமும் இப்படித்தான் இருந்தது, நானும் பிளேடைத்தான் திட்டினேன்.

வெந்நீரில் குளித்த கையோடு சவரம் செய்யுங்கள். குளியல் மாலையில்தான் என்றால், சோப்பால் முகத்தின் எண்ணெய்ப் பசையைக் கழுவிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துண்டை இரண்டு நிமிடம் முகத்தில் வைத்திருங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், தோல் வறண்டுவிடும். குளிக்கிற சோப்பு நுரை பாதிக் கன்னம் முடிவதற்குள் காய்ந்துவிடுகிறது. சவரத்துக்கென்று விற்கும் சோப்போ கிரீமோ வாங்கி, பிரஷ்ஷால் தயிர்ப் பதத்துக்கு நுரைத்துப் பூசுங்கள். இடையில் காய்ந்தால் மறுபடியும் பூசுங்கள். நுரையில்லாத இடத்தில் ரேசர் போகவே கூடாது.

கைக்கும் புதுப்பழக்கம் வேண்டும். கார்ட்ரிட்ஜின் தலை அசைந்து கொடுக்கும், கொஞ்சம் அழுத்தினாலும் பொறுத்துக்கொள்ளும். சேஃப்டி ரேசரில் அழுத்தினால் தோல் பிளேடுக்கு முன்னால் பிதுங்கி, மேல்தோல் சீவப்பட்டுவிடும். ரேசரின் கனமே போதும். கோணத்தைக் காதால் கண்டுபிடிக்கலாம்: மேல்மூடியைக் கன்னத்தில் பதித்து, கைப்பிடி முகத்துக்கு நேர் எதிரே நீட்டிக்கொண்டிருக்கும்படி பிடியுங்கள். அப்படி இழுத்தால் ஒன்றும் வெட்டாது. கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்திக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் மெல்லிய நறுக்கும் ஓசை கேட்கும். அங்கேயே நிறுத்துங்கள். இன்னும் தாழ்த்தினால் தேங்காய் துருவுவது போன்ற ஒலி வரும். உங்கள் ‘சரசர’ அதுவாகவும் இருக்கலாம்.

பிளேடில் சொல்ல அதிகமில்லை. நாலைந்து சவரத்துக்கு ஒன்று, துணியால் துடைக்காமல் உதறி வைப்பது, அவ்வளவுதான். எஃகைவிட முடி ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது, ஆனாலும் முடி வளைந்து மோதும்போது கூர்முனையில் சில்லு பெயர்கிறது என்று 2020-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் காட்டினார்கள். எனவே காசை மிச்சம்பிடிக்க ஒரே பிளேடை மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். உங்களுடைய ரேசரை அண்ணனோ தம்பியோ கேட்டாலும் கொடுக்க வேண்டாம். ரத்தத்தின் வழியே பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாட்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது.

கழுத்துப் பொரிகளுக்கு வருகிறேன். கழுத்து முடி ஒரே திசையில் வளர்வதில்லை. மூன்று நாள் தாடியில் விரலால் தடவி, எந்தப் பக்கம் வழுவழுப்பாகப் போகிறது என்று பார்த்து, அந்தப் போக்கிலேயே ஒரு முறை மட்டும் மழியுங்கள். எதிர்ப்போக்கில் ஒட்ட மழித்த முடி சுருண்டு தோலுக்குள்ளேயே வளரும். அதுதான் பொரியாகிறது. ஊசியால் கிளறாதீர்கள். மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீம்களும் வேண்டவே வேண்டாம். சீழ் வைத்தாலோ, ஓரம் செதிலாகி வட்டமாகப் பரவி அரித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். வட்டமாகப் பரவுவது படர்தாமரையாக இருக்கலாம். ஸ்டீராய்டு பட்டால் அது ஆறுவது போல் காட்டி உள்ளுக்குள் பெருகும். சர்க்கரை நோய் இருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

தோல் ஆறியபின் மீண்டும் தொடங்கும்போது, சவரம் முடிந்து குளிர்ந்த நீரில் கழுவியதும் ஈரமான படிகாரக் கல்லை ஒருமுறை முகமெங்கும் ஓட்டுங்கள். எங்கே சுரீரென்று எரிகிறதோ அங்கே கை அழுத்தியிருக்கிறது. ஒரு நிமிடம் கழித்துப் படிகாரத்தைக் கழுவிவிட்டு, வாசனை சேர்க்காத ஈரப்பதக் கிரீம் ஏதாவது தடவுங்கள். தேங்காய் எண்ணெயும் சிலருக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் பருக்கள் வரும் தோலாக இருந்தால் வேண்டாம். அதோடு உங்கள் ஊர்க் குளிரில் காலை ஐந்து மணிக்கு அதை முதலில் அடுப்போரம் வைத்து உருக்க வேண்டியிருக்கும்.