அணை கசிந்தால் ஆபத்தா? பொறியாளரிடம் கேளுங்கள்

கேள்வி: ஐயா, எங்கள் கான்கிரீட் அணைக்கு அறுபது வயது. அணைச் சுவருக்குள் ஆள் நடந்துபோகும் உள்சுரங்கத்தில் தரைத் துளைகளிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: வரட்டும், வரவேண்டும். தேங்கிய நீர் அஸ்திவாரப் பாறைக்குள் புகுந்து அணையை மேலே தூக்கப் பார்க்கும். அந்த அழுத்தத்தை இறக்கத்தான் துளை போட்டிருக்கிறார்கள். துளை வறண்டால்தான் எனக்குத் தூக்கம் வராது. வேலையில் சேர்ந்த புதிதில் ஓர் அணையில் பாதித் துளைகள் காய்ந்து கிடந்தன. "கசிவு நின்றது" என்று குறிப்பேட்டில் சந்தோஷமாக எழுதியிருந்தார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் துளை வாயெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு, கல்லாக இறுகியிருந்தது. டிரில் போட்டு முதல் துளையைத் திறந்ததும் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் பீறிட்டது. கசிவை வி-நாட்ச் பலகையில் (நீர் வழிய 'V' வடிவில் வெட்டிய அளவுப் பலகை) தினமும் அளந்து, அன்றைய நீர்மட்டத்தோடு எழுதுங்கள். அதே நீர்மட்டத்தில் அளவு கூடினாலும் குறைந்தாலும் காரணம் தேடுங்கள். கலங்கலாக வந்தால் அன்றைக்கே மேலிடத்துக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: துளைகளை சிமென்ட் வைத்து அடைத்தால் தொல்லை விட்டதே சார்? நான் கான்ட்ராக்டர், ஓர் அணையில் அடைத்திருக்கிறேன்.

பதில்: உடனே திறந்துவிடுங்கள். கசிவைக் குறைக்க நீர் நிற்கும் பக்கம்தான் வேலை செய்ய வேண்டும். வெளியேறும் வழியை அடைக்கக் கூடாது.

கேள்வி (அவரே): அடைத்து இரண்டு வருடம் ஆச்சு, அணை நன்றாகத்தான் நிற்கிறது.

பதில்: இந்த இரண்டு வருடத்தில் அணை நிரம்பியதா? நீர்மட்டம் ஏற ஏற அழுத்தமும் ஏறும்.

கேள்வி: அணையின் ஆயுள் எத்தனை வருடம்?

பதில்: இன்று இதைக் கேட்கும் மூன்றாவது ஆள் நீங்கள். வயதை விடுங்கள், ஷட்டர் சங்கிலியைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள். துங்கபத்ரா அணையில் 33 மதகுகள். 2024 ஆகஸ்ட் 10 இரவு 19ஆம் மதகின் சங்கிலி அறுந்து ஷட்டர் அடித்துக்கொண்டு போனது. சுவர் அப்படியே நின்றது. ஓடும் நீரிலேயே இரும்புத் தடுப்பு இறக்கி அடைக்க ஒரு வாரம் ஆனது.

கேள்வி: மண்கரையில் மரம் வளரலாமா?

பதில்: கன்றாக இருக்கும்போதே பிடுங்குங்கள். வேர் அழுகிய பாதையில் நீர் போகும். கலங்கல் கசிவு என்றேனே, அது இப்படித்தான் தொடங்கும்.

கேள்வி: தூர்வாரினால் எவ்வளவு கூடுதலாகத் தேக்கலாம்?

பதில்: அது நீரியல் பிரிவின் கணக்கு, அங்கே கேளுங்கள்.

கேள்வி (கான்ட்ராக்டர்): யோசித்துப் பார்த்தேன் சார். அணை நிரம்பவே இல்லை. எப்படித் திறப்பது?

பதில்: நன்றி தம்பி. இப்போதே அணைப் பொறியாளரிடம் சொல்லிவிடுங்கள். பழைய வரைபடத்தில் துளையின் அளவும் ஆழமும் இருக்கும், அதை மீறாதீர்கள். நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போதே ஒவ்வொன்றாகத் திறங்கள். திறக்கும்போது யாரும் துளைக்கு மேலே குனிந்து பார்க்க வேண்டாம்.