அண்டார்டிகாவில் சுற்றிலும் பனிதானே? பிறகு ஏன் ஆய்வு நிலையத்தில் குளிக்க 2 நிமிடம்தான் தருகிறார்கள்?

தென் துருவத்தில் இருக்கும் அமுன்ட்சென்-ஸ்காட் நிலையத்தின் விதியை ஏதாவது காணொளியில் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வாரத்துக்கு இரண்டு குளியல், தண்ணீர் ஓடுவது 2 நிமிடம் என்பது உண்மைதான். ஆனால் இதை நிர்வாகக் கெடுபிடி என்று சொல்பவர்களோடு எனக்குக் கடுமையான கருத்து வேறுபாடு உண்டு.

அங்கே பற்றாக்குறை வெப்பத்துக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள். −50 டிகிரியில் கிடக்கும் ஒரு கிலோ பனியை 0 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 105 கிலோஜூல் வேண்டும். உருக்க 334. குளிக்கிற சூடான 38 டிகிரிக்கு ஏற்ற இன்னும் 160. மொத்தம் 600. ஒரு லிட்டர் விமான எரிபொருள் தருவது ஏறத்தாழ 35,000 கிலோஜூல். துளி வெப்பம்கூட வீணாகாவிட்டால் 58 லிட்டர் வெந்நீர். கொதிகலன், குழாய், தொட்டி என்று வழியெல்லாம் வெப்பம் கசியும். பாதி கைக்கு வந்தாலே நல்லது. (சாதாரண டீசல் அந்தக் குளிரில் மெழுகு கட்டி வடிகட்டியை அடைத்துவிடும். அதனால்தான் விமான எரிபொருள்.) அந்த எரிபொருளும் விமானத்தில் வர வேண்டும், அல்லது கடற்கரையிலுள்ள அமெரிக்க நிலையமான மக்மர்டோவிலிருந்து சுமார் 1,600 கி.மீ. பனிமேல் டிராக்டர் இழுத்து வர வேண்டும். பிப்ரவரி நடுவில் விமானம் நின்றால் அக்டோபர் கடைசி வரை இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

"ஜெனரேட்டரின் கழிவு வெப்பம் இலவசம்தானே?" என்று கேட்பீர்கள். அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். எஞ்சினைச் சுற்றி ஓடும் குளிர்விப்பு நீரிலிருந்தும் புகைபோக்கியிலிருந்தும் வெப்பத்தைப் பிடித்து, சூடாக்கிய நீரைப் பனிக்குள் துளைத்த கிணற்றில் இறக்குகிறார்கள். ராட்ரிகஸ் கிணறு என்று பெயர். மேல் அடுக்குப் பனியில் நுண்துளைகள் அதிகம், உருகிய நீர் ஊறி ஓடிவிடும். இறுகிய பனிக்கட்டி வரும் ஆழத்துக்குப் போனால்தான் குளம்போலத் தேங்கும். அதிலிருந்து இறைத்து, ஒரு பங்கை மறுபடி சூடாக்கிக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சூடு நின்றால் குளம் உறையத் தொடங்கும், பம்பும் சிக்கிக்கொள்ளும். இறைக்கிற அளவுக்கு உருகாவிட்டால் குளம் சுருங்கும். நீர்மட்டம் ஆண்டுக்கு ஆண்டு கீழே போகும், பம்பின் சுமை கூடும், கடைசியில் வேறு கிணறு தோண்ட வேண்டும். பழைய கிணறு கழிவுநீருக்குப் போய்விடும். இப்படியொரு கிணற்றின் அடியிலிருந்துதான் 1995-ல் விண்கல் துகள்களைத் திரட்டினார்கள்.

கிணறு இல்லாத இடத்தில் மண்வெட்டிதான். ஜெர்மனியின் நோய்மயர் நிலையத்தில் பனியை வாரி, அதை உருக்கும் தொட்டியில் கொட்டுகிறார்கள். வாருகிற இடம் காற்று வரும் திசையில், புகைபோக்கிக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். மறுபக்கம் வாரினால் புகைக்கரி தண்ணீரில் வந்து சேரும். காற்று இறுக்கிய பனியே 10 லிட்டருக்கு 4 லிட்டர் தண்ணீர்தான் தரும். தொட்டியை ஒருபோதும் வற்றவிடக் கூடாது. ஒரேயடியாகக் கொட்டினால் பனி பாலம்போல மேலே நின்றுவிடும், அடியில் இருக்கிற நீரையும் உறிஞ்சிக்கொள்ளும், வெப்பக்கம்பி காய்ந்து எரியும்.

கிடைக்கிற நீரில் தாது உப்பே கிடையாது. அப்படியே குழாயில் விட்டால் செம்பை அரிக்கும், அதனால் சுண்ணாம்புக்கல் துகள் வழியாக ஓட்ட வேண்டும். எஞ்சின் வெப்பத்தைத் தண்ணீருக்கு மாற்றும் கருவியான வெப்பமாற்றியில் ஓட்டை விழுந்தால் உறைதடுப்புத் திரவம் குடிநீரில் கலந்துவிடும். இரட்டைச் சுவர் வைப்பது அதற்காக.

இந்தியாவின் மைத்ரி நிலையம் இந்தத் தொல்லையிலிருந்து ஓரளவு தப்பியது, எதிரிலேயே பிரியதர்சினி ஏரி. இன்னொரு இந்திய நிலையமான பாரதியில் கடல்நீரை உப்பு நீக்கி எடுக்கிறார்கள். −1.8 டிகிரி வரை குளிர்ந்த கடல்நீர் உப்பைப் பிரிக்கும் சவ்வு வழியே மிக மெதுவாகத்தான் புகும், முதலில் சூடாக்க வேண்டும். அங்கேயும் சுற்றி வளைத்து எரிபொருளிடம்தான் வந்து நிற்கிறோம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். துருவம் என்றாலே துருவ ஒளியும், ஆய்வுக்காகத் துளைத்தெடுக்கும் பனிக்கட்டித் துண்டுகளும்தான் பேசப்படுகின்றன. ஜெனரேட்டர் மெக்கானிக், பிளம்பர், எலக்ட்ரீஷியன், சமையல்காரர் எவரையும் யாரும் பேட்டி காண்பதில்லை. 1982 ஏப்ரலில் சோவியத் யூனியனின் வோஸ்தோக் நிலையத்தில் மின்நிலையம் எரிந்து ஒரு மெக்கானிக் இறந்தார். மீதிப்பேர் தாங்களே செய்த அடுப்புகளை வைத்துக் குளிர்காலத்தைக் கடத்தினார்கள். அன்றைக்குத் தேவைப்பட்டது வெல்டிங் தெரிந்த கை. விஞ்ஞானிகளைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களிலும் பலர் கூடச் சேர்ந்து பனி வாருகிறவர்கள்தான்.

மறுசுழற்சி செய்யலாமே என்றால், பிரான்சும் இத்தாலியும் நடத்தும் கான்கார்டியா நிலையத்தில் குளியல், துவைப்பு நீரைச் சவ்வுகளில் வடித்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். சவ்வு அடைத்தால் கழுவவும் மாற்றவும் உதிரிகள் கோடையிலேயே வந்து சேர்ந்திருக்க வேண்டும். 2 நிமிடம் போதுமா என்றால் போதும்: உடம்பை நனைத்ததும் மூடுங்கள், சோப்பும் தலைக்கு ஷாம்பூவும் மூடியபடியே தேயுங்கள், பிறகு திறந்து தலையிலிருந்து கீழாக அலசுங்கள். நனைக்க 30 வினாடி, அலச ஒன்றரை நிமிடம்.