கல்யாணத்துக்கு கிஃப்ட் கார்டா, ரொக்க மொய்யா?

கேள்வி: அடுத்த மாதம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். ரொக்கமாக மொய் வைப்பதற்குப் பதில், இங்குள்ள ஒரு பெரிய துணிக்கடையின் 10,000 ரூபாய் கிஃப்ட் கார்டைக் கொடுக்கலாமா என்று மனைவி கேட்கிறார். தீபாவளிக்கு அலுவலகத்தில் கொடுத்த இன்னொரு கடைக் கார்டில் 640 ரூபாய் மிச்சம் கிடக்கிறது. அதை என்ன செய்வது?
- வாசகர், ஈரோடு

பதில்: ரொக்கமாகவே வையுங்கள். புதுக் குடித்தனம் போகிற பெண்ணுக்கு வீட்டு அட்வான்ஸ், கேஸ் இணைப்பு, பாத்திரம் பண்டம் என்று செலவு வரிசைகட்டி நிற்கும். கல்யாணத்துக்கு எடுத்த துணிக்கே பீரோவில் இடம் இருக்காது. மேலும் 10,000 ரூபாய்க்குத் துணிதான் எடுக்க வேண்டும் என்று அவளை ஏன் கட்டிப்போட வேண்டும்? வேறு ஊருக்குக் குடிபோனால் அங்கே அந்தக் கடைக்குக் கிளை இருக்கிறதா என்றும் தேட வேண்டும்.

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. வங்கிகள் தரும் கிஃப்ட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி 2021-ல் வெளியிட்ட விதிகள் பொருந்தும். ஒரு கார்டில் அதிகபட்சம் 10,000 ரூபாய், குறைந்தது ஓராண்டு செல்லுபடி, காலாவதிக்கு முந்தைய 45 நாள்களில் நினைவூட்டல் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் ஒரு கடை தன்னிடம் மட்டும் பொருள் வாங்குவதற்கென்று தரும் கார்டுக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதியே தேவையில்லை. ஆகவே இந்தப் பாதுகாப்பும் அதற்குக் கிடையாது. ஆறு மாதம்தான் என்று கடை அச்சடித்திருந்தால், அதற்குப் பிறகு நீங்கள்தான் மல்லுக்கட்ட வேண்டும்.

கடை நொடித்துப்போனால் இன்னும் மோசம். அமெரிக்காவில் ஷார்ப்பர் இமேஜ் என்ற கடைத்தொடர் 2008 பிப்ரவரியில் திவால் மனு போட்டதும் தன் கார்டுகளையே ஏற்க மறுத்தது. அப்புறம், கார்டு மதிப்பைப் போல் இரண்டு மடங்குக்குப் பொருள் வாங்கினால்தான் ஏற்போம் என்றது! நம் திவால் சட்டத்திலும் தொழிலாளர் சம்பள பாக்கியும் அடமானத்தின் பேரில் கடன் கொடுத்த வங்கிகளும் முன்னால் நிற்கும். கார்டு வைத்திருப்பவர் ரொம்பப் பின்னால்.

சரி, மொய் நோட்டில் கார்டை எப்படி எழுதுவார்கள்? நாளை உங்கள் வீட்டு விசேஷத்தில் அவர்கள் திருப்பிச் செய்யும்போது எதற்கு இந்தக் குழப்பம்? 10,001 என்று எழுதவையுங்கள்.

கார்டே ஆகாது என்று சொல்லவில்லை. கிரெடிட் கார்டு ரிவார்டு தளங்களில் சில கடைக் கார்டுகள் தள்ளுபடியில் கிடைக்கும். இந்த மாதம் எப்படியும் வாங்கப்போகும் மளிகைக்கு அப்படி ஒன்றை எடுத்து, கையோடு தீர்த்துவிட்டால் லாபம்தான்.

இனி அந்த 640 ரூபாய். முதலில் கார்டில் போட்டிருக்கும் நிபந்தனையைப் படியுங்கள். ஒரே பில்லில் தீர்க்க வேண்டிய கார்டு என்றால் மிச்சம் போனது போனதுதான். அப்படி இல்லையென்றால் தேதியையும் இருப்பையும் பார்த்துக்கொண்டு போய், பில் போடும் முன்பே கேஷியரிடம் கார்டைக் காட்டுங்கள். தள்ளுபடிப் பொருளுக்குச் செல்லாது என்று சில கடைகளில் சொல்வார்கள். வீட்டுக்கு எப்படியும் வேண்டிய துண்டோ பனியனோ எடுத்தால் போதும். 640-ஐத் தீர்க்க 2,000 ரூபாய் சட்டை எடுப்பதற்கு அந்தக் கார்டை மறந்துவிடுவதே மேல். தேதி தாண்டாத கார்டைக் காரணமில்லாமல் மறுத்தால், கார்டைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யுங்கள்.